புள்ளிக்கு முன்னால் நிற்கும் கர்த்தா

வங்கிக் கணக்கிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுக்கும் செயலைக் கணினி நிரலில் இரண்டு விதமாக எழுதலாம். ‘கணக்கு.எடு(500)’ என்று எழுதினால் கணக்கு என்ற பொருள் முன்னால் நிற்கிறது. ஒரு புள்ளி வைத்து அதற்குரிய செயலைச் சொல்கிறோம். ‘எடு(கணக்கு, 500)’ என்று எழுதினால் செயல் முன்னால் நிற்கிறது. கணக்கும் தொகையும் அந்தச் செயலுக்கு வேண்டிய உறுப்புகளாக அடைப்புக்குறிக்குள் போய்விடுகின்றன. பெரும்பாலான மொழிகளில் இயந்திரம் செய்யும் வேலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் பிறர் பயன்படுத்துவதற்காக லைப்ரரி எழுதுகிறவர்கள் இந்த இரண்டில் எது சரி என்று பல பத்தாண்டுகளாக வாதாடுகிறார்கள். சி++ மொழியை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ராஸ்ட்ரப், இரண்டு வடிவங்களையும் ஒன்றாகவே கருதலாம் என்று 2014-இல் தரக்குழுவிடம் ஒரு முன்மொழிவு வைத்தார். சி++17 வெளிவந்தபோது அந்த முன்மொழிவு அதில் இல்லை. வெறும் எழுத்துப் பழக்கம் என்றால் இவ்வளவு பிடிவாதம் வந்திருக்காது. செயல் அதைச் செய்பவருக்கு உரிய உடைமையா, செய்பவர்தான் செயலுக்கு உரிய உறுப்புகளில் ஒருவரா என்ற கேள்வி இதன் அடியில் கிடக்கிறது. அது தத்துவக் கேள்வி. பொறுப்பு, வினை, வினைப்பயன் என்று தொடர்ந்து போனால் சமயக் கேள்வியும் கூட.

இந்தக் கேள்வியைப் பேச மயிலாப்பூரும் அடையாறும் பொருத்தமான இடங்கள். ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் 1906-இல் தொடங்கப்பட்ட சென்னை சம்ஸ்கிருதக் கல்லூரியில் தர்க்கமான நியாயம், இலக்கணமான வியாகரணம், மீமாம்சை மூன்றும் தனித்தனிச் சாத்திரங்களாகப் பயிற்றுவிக்கப்பட்டு வந்தன. அங்கே பணியாற்றிய எஸ். குப்புசாமி சாஸ்திரி, அன்னம்பட்டரின் ‘தர்க்க சங்கிரக’த்தை மையமாக வைத்து இந்தியத் தர்க்கத்துக்கு 1932-இல் எழுதிய ஆங்கில அறிமுக நூல் இன்றும் படிக்கப்படுகிறது. 1886-இல் கர்னல் ஆல்காட் அமைத்த அடையாறு நூலகம், கே. குஞ்ஞுண்ணி ராஜா எழுதிய, சொற்பொருள் பற்றிய இந்தியக் கோட்பாடுகளை விளக்கும் நூலை 1963-இல் வெளியிட்டது. அதே அடையாற்றை ஒட்டி 1959-இல் ஐஐடி வந்தது. தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு சிறுசேரிக்குப் போன சென்னைக் கணிதக் கழகம், கணினியியலையும் நிரல்மொழிக் கோட்பாட்டையும் தீவிரமாகக் கற்பித்தது. சாத்திரம் படித்தவர்களும் நிரல் படித்தவர்களும் ஒரே பேருந்துத் தடத்தில் இருந்தும் இந்த ஒரு கேள்வியை இரு சாராரும் தனித்தனியே கையாண்டிருக்கிறார்கள். இரு தரப்பின் விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது என்பதே என் வாதம்.

வாக்கியத்தைக் கேட்டதும் மனத்தில் எழும் அறிவுக்குச் ‘சாப்தபோதம்’ என்று பெயர். ‘சைத்ரன் ஊருக்குப் போகிறான்’ என்று ஒருவர் சொல்கிறார். கேட்டவர் மனத்தில் எது தலைமையாக நிற்கிறது, எவை அதைச் சார்ந்து நிற்கின்றன? நையாயிகர் விடை: சைத்ரன் தலைமை. ஊரை நோக்கிப் போவதற்கான முயற்சி அவனைச் சிறப்பிக்கும் அடை. வையாகரணர் விடை: போதல் என்ற தொழில் தலைமை. சைத்ரன் அதன் கர்த்தா, ஊர் அதன் செயப்படுபொருள், நிகழ்காலம் அதன் காலம். மூன்றும் அந்தத் தொழிலுக்கு அடைகள். மீமாம்சகர் விடை மூன்றாவது. வினைமுற்றின் விகுதி உணர்த்தும் ‘பாவனை’, அதாவது ஒன்றை உண்டாக்கும் முனைப்பு, தலைமை என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் நவத்வீபத்தின் கதாதரர் நியாயத் தரப்பில் எழுதினார். அதே நூற்றாண்டில் கௌண்டபட்டர் இலக்கணத் தரப்பில் எழுதினார். கவனிக்க வேண்டியது, சைத்ரன் ஊருக்குப் போனானா என்பதில் இவர்களில் எவருக்கும் ஐயம் இல்லை. நிகழ்ச்சி ஒன்றே என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் சண்டை தொடங்குகிறது. ‘கணக்கு.எடு(500)’ நியாய வாக்கியம்; ‘எடு(கணக்கு, 500)’ இலக்கண வாக்கியம்.

புள்ளி வடிவத்தின் பின்னால் இருக்கும் உலகப் பார்வை நியாயத்தின் இணைமரபான வைசேடிகத்தின் பதார்த்தப் பட்டியலோடு, அதாவது உலகில் உள்ளவற்றின் வகைப் பட்டியலோடு, வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. அந்தப் பட்டியலில் திரவியம், அதாவது பொருள், முதலில் வருகிறது. குணமும் கருமமும் திரவியத்தில்தான் தங்க முடியும். தனியே நிற்க அவற்றுக்கு இடம் இல்லை. இரண்டையும் திரவியத்தோடு பிணைப்பது ‘சமவாயம்’ என்ற ஒரே உறவு. ஆப்ஜெக்ட் நிரலாக்கத்தில் ‘கணக்கு.இருப்பு’ என்று குணத்தைக் கேட்கவும், ‘கணக்கு.எடு(500)’ என்று செயலை ஏவவும் ஒரே புள்ளிதான் பயன்படுகிறது. 1967-இல் ஆஸ்லோவில் சிமுலா 67 மொழி உருவானபோதே இந்தப் புள்ளி இருந்தது. உலகம் திரவியங்களால் ஆனது, செயல்கள் அவற்றில் குடியிருக்கின்றன என்ற எண்ணம் அந்தச் சிறு குறியில் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர் சி++ படிக்கத் தொடங்கும்போது, எவரும் விளக்கிச் சொல்லாமலே இந்தப் பதார்த்தக் கொள்கையையும் சேர்த்துப் படித்துவிடுகிறார்.

கொள்கை எங்கே இடறுகிறது என்பதைப் பார்க்க இரண்டு ஆட்டுக்கிடாக்கள் போதும். சேர்க்கை எப்படி உண்டாகிறது என்று சொல்ல வைசேடிகர் காட்டும் உதாரணங்கள்: பருந்து வந்து கம்பத்தில் அமர்வது ஒரு வகை, இரண்டு கிடாக்கள் ஓடிவந்து முட்டுவது இன்னொரு வகை. முதலாவதில் அசைவு ஒன்றினுடையது, இரண்டாவதில் இரண்டினுடையதும். எப்படி உண்டானாலும் சேர்க்கை இரண்டு பொருள்களிலும் தங்கும் என்பது அவர்கள் முடிவு. இதைப் புள்ளி வடிவத்தில் எழுதிப் பாருங்கள். ‘கிடா1.முட்டு(கிடா2)’ என்றால் இரண்டாம் கிடா வெறும் செயப்படுபொருள் ஆகிவிடுகிறது. திருப்பி எழுதினால் முதலாம் கிடாவுக்கு அநீதி. திரவியத்தை முதலில் வைத்த வைசேடிகரே ஒப்புக்கொண்ட உண்மையைப் புள்ளி சொல்ல மறுக்கிறது. விளையாட்டு மென்பொருளில் மோதல்களை எழுதுகிறவர்கள் தினமும் சந்திக்கும் இடர் இது. காமன் லிஸ்ப் மொழியின் ஆப்ஜெக்ட் அமைப்பும், 2012-இல் வெளிவந்த ஜூலியா மொழியும் இதனால்தான் செயலை எந்த ஒரு பொருளுக்கும் உடைமையாக்கவில்லை. முட்டுதல் தனியாக நிற்கும். அதில் கலந்துகொள்ளும் எல்லாப் பொருள்களின் வகையையும் பார்த்து எந்த முறை பொருந்தும் என்று மொழி தீர்மானிக்கும். புள்ளி வடிவத்தில் அந்தத் தீர்மானம் பெரும்பாலும் முதலில் நிற்பதன் வகையை மட்டும் பார்த்தே நடக்கிறது.

பைத்தான் படிக்கிறவர்கள் எல்லோரும் தடுமாறும் இன்னொரு இடம் உண்டு. சொற்களின் பட்டியலை இடையிடையே காற்புள்ளி போட்டு ஒரே சரமாகக் கோக்க வேண்டும். கோப்பது யார்? பட்டியல் என்று மனம் சொல்கிறது. பைத்தானில் கோக்கும் வேலை காற்புள்ளிக்குத் தரப்பட்டிருக்கிறது: ‘காற்புள்ளி.ஜாயின்(பட்டியல்)’. பட்டியல், தொகுதி, கோப்பு என்று எதை வேண்டுமானாலும் கோக்கலாம், இணைக்கும் சரம் மட்டும் மாறாதது என்ற நல்ல காரணம் அதற்கு உண்டு. ஆனால் காரணம் எதுவானாலும், கோத்தலுக்கு இயல்பான உரிமையாளர் இல்லை என்பதையே அது காட்டுகிறது. ஜாவாவில் நிலைமை இன்னும் கடினம். இரண்டு எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும் செயலுக்கு உரிமையாளர் இல்லை என்பது வெளிப்படை. ஆனால் செயல் தனியே நிற்க ஜாவாவில் இடம் இல்லாததால் ‘மேத்’ என்ற கிளாஸை உருவாக்கி அதன் பெயரில் செயலை எழுதி வைத்தார்கள். அந்தக் கிளாஸிலிருந்து ஒரு பொருளைக்கூட உண்டாக்க முடியாது. குணமும் இருப்பும் இல்லாத திரவியம் அது.

இலக்கணக்காரர்களின் மிக வலுவான சான்று ஒரு மானைப் பற்றியது. ‘பார், மான் ஓடுகிறது’ என்று ஒருவர் சொல்கிறார். எதைப் பார்க்கச் சொல்கிறார்? வெறும் மானை அல்ல, மானின் ஓட்டத்தை. மான்தான் தலைமை என்றால் சம்ஸ்கிருதத்தில் அந்தச் சொல் இரண்டாம் வேற்றுமை ஏற்றிருக்க வேண்டும், ஏற்கவில்லை. ஆகவே ஒரு செயல் இன்னொரு செயலுக்குப் பொருளாக முழுமையாக நிற்க முடியும். நையாயிகர் இதற்கு ‘மான் ஓடுகிறது, அதைப் பார்’ என்று நடுவில் ஒரு ‘அதை’யைச் சேர்த்துக்கொள்வார்கள். ஜாவா பல ஆண்டுகள் செய்ததும் இதையேதான். ஒரு செயலை இன்னொரு செயலிடம் ஒப்படைக்க வேண்டுமானால், அதைச் சுமக்க ஒரு பெயரில்லாப் பொருளைச் செய்து, அதற்குள் ‘ரன்’ என்ற ஒரே மெத்தடை வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 2006-இல் ஸ்டீவ் யெகி, பெயர்ச்சொற்களே ஆளும் நாடு என்று இதை விமர்சித்து எழுதிய கட்டுரை நிரலாளர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டது. 2014-இல் வந்த ஜாவா 8, பெயரில்லாச் செயலான லாம்டாவை அனுமதித்தது. நடுவில் இருந்த ‘அதை’யை எழுத வேண்டிய தேவை அன்றைக்குப் போயிற்று.

தமிழ் மரபு இந்த விவாதத்தில் எங்கே நிற்கிறது? தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல் ஒரு தொழில் நிகழ வேண்டிய முதனிலைகளை எட்டாக எண்ணுகிறது: வினை, அதைச் செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக என்பது, என்ன பயனுக்காக என்பது. பவணந்தியின் நன்னூல் வினைமுற்று புலப்படுத்துபவை ஆறு என்கிறது. அந்த ஆறில் ஒன்றுதான் செய்பவர். எனக்கு இது மிக முக்கியமான சான்றாகப் படுகிறது. செய்பவருக்கு இடம் உண்டு, ஆனால் கருவிக்கும் காலத்துக்கும் பக்கத்தில்தான் அந்த இடம். இன்னும் ஒரு படி மேலே போய், செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கின் மரபுதான் என்று வினையியல் ஒப்புக்கொள்கிறது. திண்ணை மெழுகியது, பாத்திரம் கழுவியது என்பன போன்ற எடுத்துக்காட்டுகளை உரையாசிரியர்கள் தருவார்கள். சம்ஸ்கிருத இலக்கணமும் பானை சமைக்கிறது, வாள் வெட்டுகிறது என்ற பேச்சை ஏற்கிறது. எது கர்த்தா, எது கருவி என்பது சொல்பவர் சொல்ல விரும்பியதைப் பொறுத்தது, ‘விவட்சை’யைப் பொறுத்தது என்பது அங்கே நிலைபெற்ற கொள்கை. காற்புள்ளிதான் பட்டியலைக் கோக்கிறது என்று பைத்தான் சொல்வது இலக்கணப்படி தவறே இல்லை. அது ஒரு விவட்சை.

முத்தையா அண்ணாமலை உருவாக்கி 2009-இல் கட்டுரையாக வெளியிட்ட ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியில் இந்த விவட்சை கண்முன்னே நடப்பதைப் பார்க்கலாம். ஆங்கில மொழிகளில் ‘இஃப்’ முதலில் வரும். எழிலில் நிபந்தனையை முதலில் எழுதி அதன்பின் ‘ஆனால்’ என்று போட வேண்டும். தமிழ் வாக்கியத்தின் ஓட்டம் அது. ஆனால் ‘பதிப்பி’ போன்ற ஏவல்கள் எழிலிலும் முன்னாலேயே நிற்கின்றன. வினை கடைசியில் வரும் தமிழ் வழக்கு அங்கே பின்பற்றப்படவில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மொழியை வடிவமைப்பவர் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தேர்வு செய்கிறார் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு நிரலாளர்களிடமிருந்து வரும். ‘இரண்டு வடிவமும் ஒன்றுதான். பைத்தானில் மெத்தடை எழுதும்போதே முதல் உறுப்பாக ‘செல்ஃப்’ என்று எழுதுகிறோம். சி++ அதே உறுப்பை மறைத்து அனுப்புகிறது. எழுத்தை மாற்றினால் உலகம் மாறிவிடுமா?’ மாறாது. சைத்ரனின் பயணமும் மாறவில்லை என்பதை நையாயிகரும் அறிவார். ஆனால் லைப்ரரி என்பது முதன்மையாக மனிதர் படிப்பது. அதைப் பயன்படுத்துபவர் மனத்தில் எழும் போதம்தான் அடுத்து அவர் எதைத் தேடுவார், எதைத் தவறாக ஊகிப்பார், எதை மாற்றத் துணிவார் என்று தீர்மானிக்கிறது. புள்ளி வைத்ததும் எடிட்டர் அந்தப் பொருளின் மெத்தட் பட்டியலைத் திறந்து காட்டுகிறது. அதில் இல்லாத செயல் இல்லவே இல்லை என்று படிப்பவர் எண்ணிவிடுகிறார். கிளாஸை எழுதியவர் ஒருவர், அதற்குப் புதுச் செயல் வேண்டும் என்று கேட்பவர் இன்னொருவர் என்றால், புள்ளி வடிவத்தில் இரண்டாமவர் முதலாமவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. பைத்தானில் தமிழ் உரையைக் கையாள உதவும் ஓப்பன்-தமிழ் லைப்ரரி இதற்கு நம் வீட்டு உதாரணம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்கிறது. உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் யூனிகோட் தனித்தனியே எண்ணுவதால் வந்த கணக்கு அது. மூன்று எழுத்து என்று சரியாகப் பிரிக்கும் செயல் ஓப்பன்-தமிழில் தனி ஃபங்ஷனாக நிற்கிறது. பைத்தானின் சர வகைக்குப் புது மெத்தட் சேர்க்க வெளியாருக்கு வழி இல்லை. தமிழ்ச் சொல்லுக்கு எத்தனை எழுத்து என்ற அறிவு அந்தச் சொல்லைத் தாங்கும் பொருளுக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்பதை வெறும் எழுத்து வேறுபாடு என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வரும்: ‘பழைய சாத்திரத்தைக் கணினிக்குப் பொருத்துவது வலிந்த வேலை.’ இந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ரிக் பிரிக்ஸ் என்பவர் 1985-இல் செயற்கை நுண்ணறிவு இதழ் ஒன்றில், அறிவைக் கணினியில் பதிவுசெய்யும் முறைக்கும் வையாகரணர் வாக்கியத்தை விரித்துரைக்கும் முறைக்கும் உள்ள ஒற்றுமையை எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு, கணினிக்கு மிகச் சிறந்த மொழி சம்ஸ்கிருதம் என்று நாசா அறிவித்துவிட்டதாகப் பல மேடைகளில் முழங்குகிறார்கள். கட்டுரை சொல்லாத செய்தி அது. கௌண்டபட்டருக்குக் கணினி தெரியாது; ஸ்ட்ராஸ்ட்ரப் அவரைப் படித்துவிட்டு சி++ செய்யவும் இல்லை. இரண்டு இடங்களிலும் ஒன்றாக இருப்பது கேள்வி மட்டும். அந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகள் நுணுகி ஆராய்ந்தவர்கள் செய்த பாகுபாடுகள் இப்போது நமக்கு உதவுமா என்பதே சரியான சோதனை. உதவுகின்றன என்பதற்கு ஒரு சான்று தருகிறேன்.

நியாயம் கர்த்தாவுக்குத் தரும் வரையறை கறாரானது. எந்த மூலப்பொருளைக் கொண்டு செயல் நடக்கிறதோ அதைப் பற்றிய நேரடி அறிவு, செய்ய வேண்டும் என்ற விருப்பம், அதற்கான முயற்சி மூன்றும் இருப்பவரே கர்த்தா. ஈசுவரன் உண்டு என்று அனுமானத்தால் நிறுவும் இடத்தில் அன்னம்பட்டரின் ‘தீபிகை’ இந்த வரையறையைத் தருகிறது. தேர் ஓடுகிறது என்றால் தேருக்கு முயற்சி இல்லை, ஆகையால் அங்கே கர்த்தா என்பது இலக்கணை, அதாவது ஆகுபெயர் போன்ற இரண்டாம்பட்ச வழக்கு என்பார்கள் நையாயிகர். இந்த அளவுகோலில் முதல் உறுப்பை மட்டும் எடுத்து லைப்ரரி வடிவமைப்புக்குக் கொண்டுவாருங்கள்: இந்தச் செயல் நடக்க இந்தப் பொருளின் அகநிலையைப் பற்றிய நேரடி அறிவு வேண்டுமா? வேண்டும் என்றால் புள்ளி வடிவம் நியாயமானது. வங்கிக் கணக்கின் இருப்பை வெளியார் நேரடியாகத் தொடக் கூடாது, இருப்புக்கு மேல் எடுக்க விடக் கூடாது என்ற காவல் கணக்கிடம் இருக்கிறது, ‘கணக்கு.எடு(500)’ அந்தக் காவலை உணர்த்துகிறது. வேண்டாம் என்றால் செயலை வெளியே வைப்பது நல்லது. 2000-ஆம் ஆண்டில் ஸ்காட் மேயர்ஸ் சி++ நிரலாளர்களுக்குச் சொன்ன அறிவுரை இதேதான். ஒரு ஃபங்ஷனுக்குக் கிளாஸின் மறைவான பகுதி தேவையில்லை என்றால் அதைக் கிளாஸுக்கு வெளியே வையுங்கள், அப்போது அந்த மறைவுக்கான காப்பு வலுப்படும் என்று அவர் வாதிட்டார். அன்னம்பட்டரின் வரையறை தெரியாமலே அதன் ஓர் உறுப்பை அவர் கண்டெடுத்திருக்கிறார்.

பைத்தானில் வரிசைப்படுத்த இரண்டு வழி உண்டு. ‘பட்டியல்.சார்ட்()’ அந்தப் பட்டியலையே மாற்றுகிறது. ‘சார்ட்டட்(பட்டியல்)’ பழையதைத் தொடாமல் புதிய பட்டியலைத் தருகிறது. தன்னுள் மாற்றம் ஏற்கும்போது பட்டியல் புள்ளிக்கு முன்னால் நிற்கிறது. வெறும் உறுப்பாகக் கலந்துகொள்ளும்போது அடைப்புக்குள் போகிறது. இவ்வளவு நேர்த்தி எங்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே பைத்தானில் சரத்தைப் பேரெழுத்தாக்கும் செயல் சரத்தை மாற்றுவதே இல்லை, ஆனாலும் புள்ளியோடு நிற்கிறது. நீளம் காணும் ‘லென்’ பொருளின் அகத்தைக் கேட்கும் செயல். ஆனால் முன்னால் நின்றால் படிக்கச் சுகமாக இருக்கிறது என்ற காரணத்தையும் சொல்லி, பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் அதை ஃபங்ஷனாகவே வைத்தார். என் அளவுகோல் எல்லா இடத்திலும் வெல்வதில்லை. வாசிப்பின் ஓசைக்கும் பழக்கத்துக்கும் அது சில இடங்களில் வழிவிட வேண்டியிருக்கிறது. ஆனால் விவட்சை கட்டற்றது என்று விட்டுவிடுவதைவிட, மீறும்போது காரணம் கேட்கும் ஓர் அளவுகோல் இருப்பது மேல். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழிக்கான வடிவமைப்பு வழிகாட்டி, மெத்தடையே விரும்பு என்று சொல்லிவிட்டு, ‘தான்’ என்று வெளிப்படையாக ஒன்று இல்லாத இடத்தில் ஃபங்ஷனைப் பயன்படுத்தலாம் என்று விலக்குத் தருகிறது. எது ‘தான்’ என்ற கேள்வி ஒரு தொழில்நுட்ப விதிக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இங்கேதான் சமயத் தரப்பிலிருந்து மூன்றாவது மறுப்பு எழும். அது மூன்றிலும் கனமானது. கர்த்தா என்பது சொல்பவரின் விவட்சை மட்டுமே என்றால் வினைக்கு யார் பொறுப்பு? பாவமும் புண்ணியமும் யாரைச் சேரும்? கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் ஒரு செயலுக்கு ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இடம், கர்த்தா, கரணங்கள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தன்னை மட்டுமே கர்த்தாவாகக் காண்பவர் சரியாகக் காணவில்லை என்றும் அங்கேயே சொல்லப்படுகிறது. தொல்காப்பியத்தின் எட்டைப் போலவே இதிலும் கர்த்தா பலரில் ஒருவர். ஆனால் பலரில் ஒருவர் என்பதால் பொறுப்பு கரைந்துவிடுகிறது என்று எந்த ஆசாரியரும் முடிவு செய்யவில்லை. பிரம்ம சூத்திரத்தில் தச்சனை உவமையாகச் சொல்லும் சூத்திரத்தைச் சங்கரர் ஒரு விதமாகவும் இராமானுஜர் இன்னொரு விதமாகவும் படித்தார்கள். உளியும் வாய்ச்சியும் கையில் இருக்கும்போது தச்சன் கர்த்தாவாகித் துன்பப்படுகிறான், கீழே வைத்துவிட்டு வீடு திரும்பினால் அமைதி பெறுகிறான் என்பது சங்கரர் வாசிப்பு. கர்த்திருத்துவம் கருவிகளின் சேர்க்கையால் வந்தது. கருவி கையில் இருந்தாலும் விரும்பினால் செய்கிறான், விரும்பாவிட்டால் செய்யாமல் இருக்கிறான் என்பது இராமானுஜர் வாசிப்பு. ஆகவே கர்த்தா ஆன்மாதான், கருவியான புத்தி அல்ல. அந்த ஆன்மாவின் செயலுக்கும் பரமாத்மாவின் அனுமதி வேண்டும் என்று அவர் தொடர்கிறார். அதற்கு அவர் தரும் விளக்கம் சட்டம் படித்தவர்களுக்குப் பிடிக்கும்: இருவருக்குப் பொதுவான சொத்தை மற்றவர் சம்மதம் இல்லாமல் ஒருவர் வேறொருவருக்குத் தர முடியாது, ஆனாலும் சம்மதம் கேட்டு வாங்கித் தந்தது அவர் செயல் என்பதால் பயன் அவரையே சேர்கிறது. சைவ சித்தாந்தம் வேறு வழியில் வருகிறது. வினை சடம், தன் பயனைச் செய்தவரிடம் கொண்டு சேர்க்கும் அறிவு அதற்கு இல்லை, கூட்டி வைக்க இறைவன் வேண்டும் என்பது மெய்கண்டார் மரபு. செயலையும் செய்தவரையும் இணைக்கும் வேலையைச் செயலிடமே விட்டுவிட முடியாது என்பதில் இவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

என் விடை இதிலிருந்து வருகிறது. ஒரு நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ளச் செயலை முதலில் வைப்பது சிறந்தது. இலக்கணக்காரர்களும் தொல்காப்பியரும் அங்கே சொன்னது சரி. பொறுப்பை நிர்ணயிக்கக் கர்த்தாவை முதலில் வைத்தே ஆக வேண்டும். அங்கே நியாயம் சரி. இரண்டையும் குழப்புவதால் வரும் தீங்கை நாம் அன்றாடம் காண்கிறோம். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த முதியவரிடம் ‘சிஸ்டம் எடுக்கவில்லை’ என்கிறார்கள். விரல்ரேகை வைத்தவரிடம் ‘மெஷின் ஏற்கவில்லை’ என்கிறார்கள். திண்ணை மெழுகியது என்பதும் இதுவும் ஒரே இலக்கணம். பேச்சு வழக்காக அதில் குற்றம் இல்லை. ஆனால் நையாயிகரின் அளவுகோலை வைத்துக் கேளுங்கள். அந்த சிஸ்டத்துக்கு அந்த முதியவரைப் பற்றி நேரடி அறிவு உண்டா? மறுக்க வேண்டும் என்ற விருப்பம் உண்டா? முயற்சி உண்டா? மூன்றும் இல்லை. விதியை வகுத்தவர் ஒருவர், அதை நிரலாக எழுதியவர் ஒருவர், விதிவிலக்கு தேவையா என்று பார்க்காமல் ஒப்புதல் தந்தவர் ஒருவர். பொதுச்சொத்தைப் போல அவர்களுக்குள் பங்கு இருக்கலாம். பங்கு இருப்பதாலேயே எவரும் நீங்கிவிட மாட்டார். செயற்கை நுண்ணறிவு முடிவெடுத்தது என்று சொல்லும் காலம் வந்துவிட்ட பிறகு இந்தக் கேள்வியின் அவசரம் கூடியிருக்கிறது. உளி விரும்பவில்லை என்று தச்சன் சொன்னால் நாம் ஏற்க மாட்டோம்.

லைப்ரரி எழுதும் இளைஞர்களிடமும், அவற்றைக் கொண்டு அரசுக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் மென்பொருள் செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘விண்ணப்பம்.நிராகரி()’ என்று எழுதும்போது புள்ளிக்கு முன்னால் நிற்கும் விண்ணப்பம் தன்னைத்தானே நிராகரித்துக்கொள்வதாகப் படிப்பவருக்குத் தோன்றும். அந்தச் செயலை வெளியே எடுத்து வையுங்கள். யார் ஒப்புதலால், எந்த விதியின்படி, எந்த நாளில் என்பவற்றைக் கட்டாய உறுப்புகளாக அடைப்புக்குள் கேளுங்கள்; அவை இல்லாமல் அந்த ஃபங்ஷன் ஓடவே கூடாது. அந்த விவரங்கள் குடிமகன் கையில் கிடைக்கும் தாளிலும் அச்சாகட்டும்.